பனிக்கு வாங்கிய உப்பு

அன்று காலையில் பக்கெட்டில் இருந்த மண்ணைத் தொட்டுப் பார்த்தேன். ஈரம். நான் தண்ணீர் ஊற்றி மூன்று நாள் ஆகியிருந்தது. அதற்கு முந்தின வாரமும் இப்படித்தான் இருந்தது. அப்போது, நான்தான் ஊற்றிவிட்டு மறந்துபோனேனோ என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன். இரண்டாம் தடவை அப்படி நினைக்க முடியவில்லை. வீட்டில் இருந்தது மூன்று பேர். என் மகள் செடிப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். மிச்சம் இருந்தவர் மாப்பிள்ளை.

பக்கெட்டில் இருந்தது தென்னங்கன்று. நியூஜெர்சியில், பார்சிப்பனி என்ற ஊரில், மகள் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் இருக்கும் கண்ணாடிக் கதவு ஓரமாக நான் நட்டு வைத்தது. நட்ட அன்றைக்கு வெளியே முழங்கால் உயரத்துக்குப் பனி கிடந்தது. பங்குனி பிறந்து பனியெல்லாம் கரைந்து வெயில் வந்த பிறகு, தழைக்க வேண்டிய நேரத்தில், இலை நுனி கருக ஆரம்பித்தது.

என் வீட்டுக்காரர் தவறியதற்கு மறு வருஷம், தொண்ணூற்றேழில், ஆடி கழிந்ததும் மகள் என்னை இங்கே கூட்டி வந்தாள். எங்களுக்கு அவள் ஒருத்திதான். ஆறு மாதம் இருந்துவிட்டுப் போகிறேன் என்று நான் வந்தேன். அவள் மனசில் வேறு இருந்தது. அம்மாவுக்கு க்ரீன் கார்டு அப்ளை பண்ணிவிடலாம், அம்மா இங்கேயே இருக்கட்டும் என்றாள். விசாவை இன்னொரு ஆறு மாதத்துக்கு நீட்டினாள். காகிதங்களை வரவழைத்து, அவள் எழுத வேண்டியதை எல்லாம் எழுதி, ஒரு மஞ்சள் உறையில் போட்டு மேசை ஓரத்தில் வைத்தாள். நான் கையெழுத்துப் போட வேண்டியதுதான் மிச்சம். நான் போடவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்தேன்.

காரணம் மாப்பிள்ளை. மகள் கூப்பிட்டாள், சரி. அவர் கூப்பிட்டாரா? கூப்பிடவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. இது மகள் வீடு, அப்படியென்றால் மாப்பிள்ளை வீடு. சாகிற வரைக்கும் ஒரு வீட்டில் இருப்பதென்றால் அந்த வீட்டுக்காரருக்கு அதில் மனசு இருக்கிறதா என்று தெரிய வேண்டாமா. அவரிடம் போய்க் கேட்கவும் முடியாது. எங்கள் பொள்ளாச்சிப் பக்கத்தில் மாமியார் மாப்பிள்ளைக்கு முன்னால் நின்று பேசுகிற வழக்கம் இல்லை. கதவுக்குப் பின்னால் நின்று, மகளிடம் சொல்வது போலச் சொல்ல வேண்டியதைச் சொல்வோம். இப்போது யார் அதையெல்லாம் பார்க்கிறார்கள் என்று மகள் சிரிப்பாள். நான் பார்த்தேன். எனக்கு வேறு மாதிரி இருக்கத் தெரியாது.

அதுவும் எங்கள் விஷயத்தில் பழைய ஒன்று இருந்தது. மகள் இங்கே படிக்க வந்த இடத்தில் அவரைப் பார்த்துத் தானே முடிவு செய்த கல்யாணம். அவர் நாகர்கோவில்காரர். வேறு ஊர், வேறு ஆட்கள். கல்யாணம் ஆகி முதல் தடவை இரண்டு பேரும் எங்கள் வீட்டுக்கு வந்தபோது, வாசலில் நின்று ஆலத்தி எடுக்க நான் போகவில்லை. தலைவலி என்று உள்ளே படுத்துக்கொண்டேன். பக்கத்து வீட்டு அம்மாள்தான் தட்டை எடுத்துக்கொண்டு போனாள். மாப்பிள்ளை அதைப் பற்றி அன்றைக்கும் ஒன்றும் சொன்னதில்லை, அப்புறமும் சொன்னதில்லை. சொல்லாமல் வைத்திருப்பவர்களிடம்தான் எனக்குப் பயம்.

இந்த வீட்டில் இன்னொரு கஷ்டம், கதவே கிடையாது. படுக்கிற அறைக்கும் குளிக்கிற அறைக்கும் உண்டு. ஆனால் அடுப்படி, சாப்பிடுகிற இடம், உட்காருகிற இடம் எல்லாம் ஒன்றாகத் திறந்து கிடந்தது. மாப்பிள்ளை சோபாவில் உட்கார்ந்தால் நான் அடுப்பில் நிற்பது தெரியும். எங்கே போய் நிற்பது? முதலில் ஃப்ரிட்ஜுக்கு அந்தப் பக்கம் ஒதுங்கி நின்றேன். அதுவும் பாதி உடம்பைத்தான் மறைத்தது. கடைசியில் அரிசி மூட்டையும் பருப்பும் வைக்கிற சின்ன அறைதான் கிடைத்தது. பேன்ட்ரி என்பார்கள். அதற்கு ஒரு கதவு இருந்தது. அவர் ஆபீசிலிருந்து வருகிற சத்தம் கேட்டால் நான் அதற்குள் போய், பருப்பு டப்பாவைத் தேடுகிற மாதிரி நின்றுகொள்வேன். தினமும் பருப்பு டப்பா தேடுகிற மாமியாரைப் பற்றி அவர் என்ன நினைத்தாரோ.

மகளுக்கு இது பொறுக்கவில்லை. "ஒரே வீட்டுல இருக்கீங்க ரெண்டு பேரும். நான் ஆபீஸ்லயும் வேலை பார்த்துட்டு வந்து, இங்க போஸ்ட்மேன் வேலையும் பாக்கறேன்" என்பாள்.

அந்த டிசம்பரில் லீவு விட்டபோது மூன்று பேரும் காரில் ஃப்ளோரிடா போனோம். இரண்டு நாள் ஓட்டம். அங்கே போய் இறங்கினால் தென்னை மரம். ஒன்றிரண்டு இல்லை, ரோட்டு ஓரம் முழுக்க. ஒருத்தரும் அதிலிருந்து காய் பறிப்பதாகத் தெரியவில்லை, அழகுக்கு வைத்திருக்கிறார்கள். நாங்கள் தங்கிய இடத்தில், கார் நிறுத்துகிற ஓரத்தில் மட்டையோடு ஒரு நெற்று கிடந்தது. காலால் புரட்டிப் பார்த்தேன். காம்புப் பக்கம் மஞ்சளாக ஒரு விரல் நீளத்துக்கு முளை. முளைத்த தேங்காயைப் பார்த்தால் விட்டுவிட்டுப் போக எங்கள் பக்கத்துப் பெண்களுக்குக் கை வராது. சருகு பெருக்கிக்கொண்டிருந்த ஆள் என்னைப் பார்த்தான். எடுத்தால் போலீசில் பிடித்துக் கொடுப்பானோ என்று பயம். அவன் அந்தப் பக்கம் போனதும், துண்டில் சுருட்டிக் கொண்டுபோய்க் கார் டிக்கியில் என் பைக்கு அடியில் வைத்துவிட்டேன். மகளிடம்கூடச் சொல்லவில்லை.

திரும்பி வருகிற வழியில் பெட்ரோல் போட நிறுத்தினார்கள். ஸ்வெட்டர் எடுக்க டிக்கியைத் திறந்தால், நெற்று நான் வைத்த இடத்தில் இல்லை. இரண்டு பெட்டிகளுக்கு நடுவில், துண்டு அணை கொடுத்து, முளை மேலே பார்த்த மாதிரி இருந்தது. தானாக உருண்டு அப்படியா நிற்கும்? யார் கையோ பட்டிருக்கிறது. பார்த்தவர் ஏன் ஒன்றும் கேட்கவில்லை என்று ஊர் வந்து சேருகிற வரைக்கும் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

பொங்கல் கழிந்து மறுநாள் நட்டேன். வீட்டுக்குப் பெயிண்ட் அடித்தபோது மிச்சமான பெரிய பக்கெட் ஒன்று இருந்தது. அடியில் ஓட்டை போட வேண்டும் என்றேன். மகள் கூடாது என்றாள். தண்ணீர் வடிந்தால் மரத் தரை ஊறி உப்பிவிடுமாம். அவள் வீடு, அவள் தரை. சரி என்று விட்டேன். அது என் தப்பு, பிறகுதான் தெரிந்தது. கடையில் விற்கிற மண் மூட்டையைக் கொட்டி, நெற்றைப் பாதி புதைய வைக்கத் தயார் செய்தேன்.

எங்கள் பக்கத்தில் தென்னைக்குக் குழி வெட்டினால் அடியில் கல் உப்பு போடாமல் கன்று வைக்க மாட்டோம். மகள் வீட்டில் இருந்தது மாவு மாதிரி பொடி உப்பு. அதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கராஜில் ஒரு மூட்டை இருந்தது ஞாபகம் வந்தது. வாசல் சிமெண்டுத் தரையில் பனி இறுகினால் வழுக்கும், அதற்காக மாப்பிள்ளை அதிலிருந்து அள்ளித் தூவுவார். முதல் பனி விழுந்த அன்று, அவர் கை கையாக உப்பை அள்ளி வாசலில் போடுவதை ஜன்னல் வழியாகப் பார்த்து எனக்குத் திக்கென்றது. எங்கள் ஊரில் உப்பைச் சுற்றி வாசலில் போடுவது கண் திருஷ்டி கழிக்க. நான் வந்து நாலு மாதத்தில் யார் கண்ணைக் கழிக்கிறார் இவர்? எதிர் வீட்டு வெள்ளைக்காரரும் தன் வாசலில் அதையே தூவுவதைப் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது.

அந்த மூட்டையைப் பிரித்து ஒரு கல்லை நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தேன். சந்தேகமே இல்லை, நம் கல் உப்புதான். மூன்று கை அள்ளி வந்து பக்கெட்டின் அடியில் போட்டு, மண்ணைக் கொட்டி, நெற்றை வைத்தேன்.

வைக்கும்போதே மனசில் ஒன்று நினைத்துக்கொண்டேன். வாயால் கேட்க முடியாததை இதனிடம் கேட்போம். இது பிழைத்து நின்றால் நானும் இங்கே இருக்கிறேன், கையெழுத்துப் போடுகிறேன். பட்டுப்போனால் ஊருக்குப் போகிறேன். மகளிடம் ஒரு நாள் பேச்சுவாக்கில் இதைச் சொல்லியும் விட்டேன். அவள் கோபித்துக்கொண்டாள். ஒரு செடியிடம் கேட்டுத்தான் நீ என்னோடு இருப்பாயா என்றாள்.

மாசி முடிவதற்குள் முளை பிளந்து, விரியாத ஓலை ஒன்று, அதற்குப் பின்னால் இன்னொன்று என்று வந்தது. கண்ணாடி வழியாக வெயில் விழும் திசை பார்த்து வாரத்துக்கு ஒரு தடவை பக்கெட்டைத் திருப்பி வைப்பேன். உறையை எடுத்துப் பிரித்து, கையெழுத்துப் போடும் இடம் எது என்றுகூட ஒரு நாள் பார்த்து வைத்தேன்.

அப்புறம்தான் நுனி கருகியது. முதலில் ஒரு நகம் அளவு. பிறகு ஒரு விரல் அளவு. மண்ணின் மேல் வெள்ளையாக ஏடு மாதிரி ஏதோ படிந்தது. சோப்புத் தண்ணீரோ, பாத்ரூம் கழுவுகிற மருந்தோ ஊற்றினால்தான் அப்படி வெளுக்கும் என்று எனக்குப் பட்டது. அதோடு, ஊற்றாத தண்ணீரின் ஈரம்.

ஒரு தடவை சந்தேகம் வந்துவிட்டால், பழைய விஷயங்கள் எல்லாம் அதோடு வந்து ஒட்டிக்கொள்கின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை ஊருக்குப் போனில் பேசிக்கொண்டிருந்தார். நான் பேன்ட்ரியில் நின்றேன். "நிக்காதுன்னுதான் தோணுது. இந்தக் குளிர்ல எங்க நிக்கும்" என்றார். எதைச் சொல்கிறார் என்று கேட்காமலே எனக்குத் தெரிந்தது. இன்னொரு நாள், பக்கெட்டுக்குப் பக்கத்தில் குனிந்து நின்றவர், என் காலடிச் சத்தம் கேட்டதும் நிமிர்ந்து, வெளியே அணில் பார்க்கிற மாதிரி கண்ணாடியைப் பார்த்தார். வெளியே அணில் இல்லை. நானும்தான் பார்த்தேனே.

மகளிடம் சொல்லலாமா என்று யோசித்தேன். என்னவென்று சொல்வது? உன் வீட்டுக்காரர் என் செடியைக் கொல்கிறார் என்றா? சொன்னால் நான் இருந்தாலும் கெடுதல், போனாலும் கெடுதல். அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் அந்தப் பேச்சு நிற்கும். அதனால் எனக்கே உறுதியாகத் தெரியட்டும் என்று, அரிசி மாவை எடுத்துப் பக்கெட்டைச் சுற்றி மெல்லிசாக ஒரு கோடு இழுத்தேன். இரவு இழுத்தேன் என்றால், காலையில் கால் பட்டிருக்கிறதா என்று பார்ப்பேன். மூன்று நாள் ஒன்றும் இல்லை. நாலாம் நாள் கோடு கோடாகவே இருந்தது, மண் மட்டும் ஈரமாக இருந்தது. கோடு கலைந்திருந்தால்கூட இவ்வளவு பயம் வந்திருக்காது. தெரியாமல் வருகிறவர் மிதித்திருப்பார். இவர் பார்த்து, தாண்டி நின்று செய்திருக்கிறார்.

அடுத்த வாரம் அதே கிழமை, விடிந்ததும் நான் பேன்ட்ரிக்குள் போய்க் கதவை ஒரு விரல் அளவு திறந்து வைத்துக்கொண்டு அரிசி மூட்டை மேல் உட்கார்ந்தேன். மகள் இன்னும் எழுந்திருக்கவில்லை. மாப்பிள்ளை ஆபீசுக்கு உடுத்திக்கொண்டு, செருப்பு இல்லாமல், கராஜ் கதவைத் திறந்து உள்ளே வந்தார். வலது கையை மூடியிருந்தார். மாவுக் கோட்டுக்கு வெளியே நின்று, ஒரு கையைச் சுவரில் ஊன்றி, எட்டி, மூடிய கையைப் பக்கெட்டுக்கு மேல் திறந்தார். மணல் கொட்டுகிற மாதிரி சத்தம். பிறகு அரை டம்ளர் தண்ணீர். உள்ளங்கையைப் பேண்டில் துடைத்துக்கொண்டார். கருகின இலையை விரலால் ஒரு தடவை நீவிப் பார்த்துவிட்டு, ஷூவைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

கிட்டே போய்ப் பார்த்தேன், ஏற்கெனவே வெளுத்திருந்த மண்ணில் அவர் போட்டது எது என்று தெரியவில்லை. ஆலத்தித் தட்டு ஞாபகம்தான் வந்தது. அத்தனை வருஷம் வைத்திருந்து, வாயால் சொல்லாமல், இப்படிச் சொல்கிறார் என்று முடிவு கட்டினேன்.

அன்று சாயங்காலம் மகள் வந்ததும், எனக்கு ஊருக்கு டிக்கெட் போட்டுவிடு என்றேன். என்ன ஆச்சு என்றாள். வெயில் காலம் வருகிறது, வீடு பூட்டிக் கிடக்கிறது என்று ஏதேதோ சொன்னேன். அவள் நம்பவில்லை. பக்கெட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அது வாடிப் போச்சுன்னா நீ போறே. அவ்வளவுதானே நான் உனக்கு?"

"அப்படி இல்ல கண்ணு."

"வேற எப்படி?"

அவள் சாப்பிடாமல் மேலே போய்விட்டாள். மாப்பிள்ளை வந்தபோது நான் பேன்ட்ரியில் இருந்தேன். மேலே இரண்டு பேரும் பேசுகிற சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

மறுநாள் இரண்டு பேரும் வேலைக்குப் போன பிறகு கராஜுக்குள் போனேன். அப்படி எதைத்தான் அள்ளி வந்தார் என்று என் கண்ணால் பார்த்துவிட்டுப் போகலாம் என்றுதான். அலமாரியில் பெயிண்ட் டப்பா, கார் கழுவுகிற சோப்பு, எலி மருந்து எல்லாம் இருந்தன. ஒவ்வொன்றாக மூடியைப் பார்த்தேன். எல்லாவற்றிலும் தூசி. எதையும் யாரும் திறக்கவில்லை. திறந்திருந்தது ஒன்றுதான். தரையில், பனிக்கு வாங்கின உப்பு மூட்டை. வாயைச் சுருட்டித் துணிக் கிளிப் போட்டிருந்தது. நான் ஜனவரியில் எடுத்தபோது கிளிப் கிடையாது. பனி போய் மூன்று வாரம் ஆகிவிட்டது, மூட்டையோ நான் பார்த்ததைவிட இறங்கியிருந்தது.

கராஜ் படியில் உட்கார்ந்துவிட்டேன். எங்கள் தோட்டத்தில் களத்துக் கல் இடுக்கில் புல் முளைத்தால் உப்பைப் போட்டுத்தான் சாகடிப்போம். அதே உப்பைத்தான் தென்னை வாடினால் அள்ளி வந்து தூரில் போடுவோம். இவர் எதற்காகப் போட்டார்? நாகர்கோவிலும் தென்னை ஊர்தான். அங்கேயும் போடுவார்களாக இருக்கும். ஆனால் நல்லதுக்குப் போடுகிறவர் ஏன் ஒளிந்து போட வேண்டும்? அப்போது எனக்கே உறைத்தது. நானும்தான் மூன்று கை ஒளித்துப் போட்டேன். யாரிடம் சொன்னேன்?

அப்படியும் மனசு ஒப்பவில்லை. மத்தியானம் முழுக்க இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நினைத்துக்கொண்டிருந்தேன். இதை ஒரே ஒருத்தர்தான் சொல்ல முடியும்.

அன்று மகளுக்கு ஆபீசில் நேரமாகும் என்று போன் வந்தது. மாப்பிள்ளையின் கார் வருகிற சத்தம் கேட்டது. நான் பேன்ட்ரிக்குப் போகவில்லை. பக்கெட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். அவர் உள்ளே வந்து ஒரு ஷூவைக் கழற்றினார். மற்றதைக் கழற்றக் குனிந்தவர், என்னைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார்.

"மாப்பிள்ளை, எத்தனை கை போட்டீங்க?"

நான் அவரிடம் நேராகப் பேசின முதல் வார்த்தை அது.

அவர் மற்ற ஷூவைக் கழற்றாமலே நிமிர்ந்தார். பிறகு, "வாரத்துக்கு ஒரு கை அத்தை. ஒரு ஆறு கை ஆயிருக்கும்" என்றார்.

ஏன் என்று அவரே சொன்னார். ஊரில் அவருடைய அண்ணன் தோப்பு பார்க்கிறவராம். மாசியிலேயே போன் பண்ணி, இப்படி ஒரு கன்று வீட்டுக்குள் இருக்கிறது, நிற்குமா என்று கேட்டாராம். நான் பேன்ட்ரியில் நின்று கேட்டது அந்த அண்ணனோடு பேசின பேச்சுத்தான். அண்ணன், நிற்காது, ஆனாலும் வாரம் ஒரு கை உப்பு போட்டுப் பார் என்றாராம். அன்றிலிருந்து போட்டிருக்கிறார். நுனி கருகக் கருக, உப்பு போதவில்லையோ என்று கையை இன்னும் நிறைத்துப் போட்டிருக்கிறார்.

"சொல்லிட்டுப் போட்டிருக்கலாமேங்க."

"சொல்லிட்டுப் போட்டு, அது பட்டுப்போச்சுன்னா? நான் கொன்னதா ஆயிரும்லா" என்றார்.

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவர் பயந்ததைத்தான் நான் செய்திருந்தேன்.

"நான் நடும்போதே அடியில மூணு கை போட்டுட்டேனுங்க. அதே மூட்டைதான்."

அவர் பக்கெட்டைப் பார்த்தார். ஒரு ஷூவோடு நொண்டி வந்து, அதைச் சாய்த்து அடியைத் தடவினார். ஓட்டை இல்லையா என்றார். இல்லை என்றேன். ஊரில் என்றால் மழை வந்து உப்பைக் கரைத்து இறக்கிவிடும். இங்கே நான் போட்டதும் அவர் போட்டதும் வெளியே போக வழியில்லாமல் வேரைச் சுற்றியே நின்றிருக்கிறது. மேலே வெள்ளையாகப் படிந்ததும் அதுதான்.

"ரெண்டு பேருமாச் சேர்ந்து ஊறுகாய் போட்டிருக்கோம் அத்தை" என்று சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. அப்போதும் எனக்கு உள்ளே ஒரு மூலையில் இருந்தது, அகப்பட்டுக்கொண்டதால் நல்ல விதமாகப் பேசுகிறாரோ என்று. அவர் ட்ரில் மிஷினை எடுத்து வரக் கராஜுக்குப் போகும்போது திரும்பி, "ஃப்ளோரிடாவுலருந்து வரும்போதே முளை ஒடிஞ்சிரும்னு எடுத்து நிமித்தி வச்சேன். அப்பவே கேட்டிருக்கணும் நான்" என்றார். டிக்கியில் துண்டு அணை கொடுத்து நின்ற நெற்று என் கண் முன்னால் வந்தது. அதற்கு மேல் சந்தேகப்பட எனக்கு இடம் இல்லை.

மாடியில் இருக்கும் குளிக்கிற தொட்டியில் வைத்து அலசிவிடலாம் என்றார். பக்கெட் கனம். ஒரு பக்கம் அவர், ஒரு பக்கம் நான், படி படியாகத் தூக்கினோம். பாதிப் படி ஏறியிருப்போம், வாசல் கதவு திறந்து மகள் வந்தாள். அவள் வீட்டுக்காரரும் அம்மாவும் ஒரே பக்கெட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து, சாவியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். யாருக்கு என்ன ஆச்சு என்றாள். "உப்பு ஜாஸ்தி ஆயிடுச்சு" என்று மாப்பிள்ளை சொன்னார். அவளுக்கு ஒன்றும் புரிந்திருக்காது.

அடியில் ஆறு ஓட்டை போட்டு, தொட்டியில் நிறுத்தி, வெதுவெதுப்பான தண்ணீரை மேலிருந்து ஊற்றிக்கொண்டே இருந்தோம். அடியில் இறங்குகிற தண்ணீரை நான் விரலில் தொட்டு நாக்கில் வைப்பேன். கடல் தண்ணீர் மாதிரி இருந்தது முதலில். அவர் இன்னும் ஊற்றுவார். "இப்ப?" என்பார். இன்னும் இருக்குதுங்க என்பேன். ஒரு மணி நேரம் இதே பேச்சுத்தான் எங்களுக்கு. நடுவில் அவர், "அந்த மாவுக் கோடு எறும்புக்கா அத்தை, எனக்கா?" என்றார்.

"எறும்புக்குத்தானுங்க" என்றேன்.

அந்தக் குளிர் ஊரில் பங்குனியில் ஏது எறும்பு. அவர் மேற்கொண்டு கேட்கவில்லை.

தண்ணீரில் கரிப்பு போன பிறகு நிறுத்தினோம். இரண்டு இலையும் தப்பாது என்று பார்த்தாலே தெரிந்தது. குருத்து இருக்கிறதா இல்லையா என்று அப்போது சொல்ல முடியாது. கையைத் துடைத்துக்கொண்டே அவர், என் பக்கம் பார்க்காமல், "பேப்பர் மேசை மேல இருக்கு அத்தை. பேனா ஃப்ரிட்ஜ் மேல" என்றார்.

"குருத்து வரட்டுமுங்க மாப்பிள்ளை."

"குருத்து வராட்டியும் பேனா அங்கதான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுக் கீழே போனார்.

குருத்து வைகாசியில் வந்தது. நான் அதுவரைக்கும் காத்திருக்கவில்லை. அலசின அன்றைக்கே சாப்பாடு முடிந்து மேசையைத் துடைத்த பிறகு, உறையைப் பிரித்தேன். மகள் விரல் வைத்துக் காட்டின இடத்தில், அஞ்சாங்கிளாஸில் கற்றுக்கொண்ட எழுத்தில், என் பேரை ஒவ்வொரு எழுத்தாகப் போட்டேன். கட்டத்துக்கு வெளியே கொஞ்சம் போய்விட்டது. பரவாயில்லை என்றாள் மகள். மாப்பிள்ளை சோபாவில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். நான் பேன்ட்ரிக்குள் போகவில்லை. ஃப்ரிட்ஜ் பக்கம் மட்டும் கொஞ்சம் ஒதுங்கி நின்றேன். அந்த அளவுக்குத்தான் என்னால் முடிந்தது.

மறுநாள் காலையில் எழுந்து வந்து பார்த்தேன். பக்கெட் பழைய இடத்திலேயே, அடியில் ஒரு தாம்பாளத்தோடு இருந்தது. மண்ணைத் தொட்டேன். ஈரம். முந்தின நாள் ஊற்றியதுதான், வேறு என்ன. ஆனாலும் அந்த விரலை நாக்கில் வைத்துப் பார்த்துக்கொண்டேன். கரிக்கவில்லை.